வரோம் என்று சொன்னது யார்

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன் நான். போனைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். சேலையூரில் எங்கள் அபார்ட்மென்டில் யாருக்கு சிக்னல் வரவில்லை என்றாலும், யாருடைய போன் பாதியில் மக்கர் பண்ணினாலும், "ரெண்டாவது மாடி சார்கிட்ட குடுங்க, பார்த்துடுவாரு" என்பார்கள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய டாக்டர் தோரணையில் வாங்கிப் பார்ப்பேன். முக்கால்வாசி நேரம் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் என் வைத்தியம். அதற்கே ஒரு டம்ளர் காபி வந்துவிடும்.

போன வருஷம் நடந்ததை எழுதலாம் என்று நாலு தடவை உட்கார்ந்தேன், நாலு தடவையும் எழுந்து போய்விட்டேன். நடந்தது இன்னதுதான் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. எங்கே ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு இடத்தில் மண்டை காய்ந்து போகிறது. தெரிந்த வரைக்கும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் வளர்த்திப் பேச மாட்டாள், இரண்டு வரியில் முடித்துவிடுவாள். என் சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்றால் எனக்கு சர்க்கரை, ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பையன் நான் தருகிறேன் என்றான். இவள், "உன் வேலையப் பாருடா" என்று அன்றைக்கே அந்தப் பேச்சை முடித்துவிட்டாள். கடைசியில், மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பம் சம்மதித்துத் தருகிற உறுப்புக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலில் அவள் பெயரைப் பதிந்தோம்.

பதிந்த அன்று ஆஸ்பத்திரியில் அந்த வேலையைக் கவனிக்கிற அம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். "எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது சார். இன்னைக்கே வரலாம், வருஷக்கணக்காவும் ஆகலாம். வந்தா, பொருந்தற மாதிரி இருக்கற ரெண்டு மூணு பேர உடனே கூப்பிடுவோம். வந்து ரத்தம் குடுக்கணும், பார்க்கணும். போன் கெடைக்கலேன்னா காத்திருக்க முடியாது, அடுத்தவங்களுக்குப் போயிடுவோம்."

பிறகு படிவத்தைப் பார்த்து, "இன்னொரு நம்பர் குடுங்க சார்" என்றார்.

"ஒண்ணு போதும்மா."

"மேடம் நம்பர் குடுக்கலாமே?"

"அவ போன் எப்பவும் சைலண்ட்ல தலகாணிக்கு அடியிலதான் கெடக்கும். ரெண்டு நம்பர் குடுத்தா, அவ எடுப்பான்னு நானும் நான் எடுப்பேன்னு அவளும் இருந்துடுவோம். ஒரு லைனுக்கு ஒரு ஆள்தான் பொறுப்பு. எங்க டிபார்ட்மென்ட்ல அப்படித்தான் பழக்கம்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் பார்த்தால் அது நல்லதுக்கில்லை என்று எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். தெரிந்தும் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு அந்த போனை நான் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. குளிக்கப் போனால் பாத்ரூம் ஜன்னலில் இருக்கும். கோயிலுக்குப் போனால் சட்டைப் பையில் சத்தத்தோடு இருக்கும், யார் முறைத்தாலும் சரி. இரண்டு தடவை படம் பார்க்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. எல்லாம் அந்த ஒரு அழைப்புக்காக.

இந்த நிலைமையில்தான் எங்கள் தெருவில் மூன்றாவது கட்டடத்து மொட்டைமாடியில் புது டவர் வந்தது. அது வந்த பிறகு என் போனில் 5ஜி என்று கொட்டை எழுத்தில் காட்டும். ஆனால் படுக்கை அறைக்குள் போனால் பேச்சு அறுந்துவிடும். ஹாலில் 5ஜி, சமையலறையில் 4ஜி, படுக்கை அறையில் ஒரு ஜியும் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிடும்போது நான் படுக்கை அறையில் இருந்தால் என்ன ஆகும்? கம்பெனியின் குறைதீர்க்கும் நம்பருக்கு ஐந்து தடவை அடித்தேன். ஒவ்வொரு தடவையும் பாட்டுத்தான் கேட்டது. கடுப்பில், அவர்களுடைய இணையப் பக்கத்தில் எல்லாரும் திட்டி எழுதியிருந்த இடத்தில் நானும் எழுதினேன். தெருப் பெயர், என் நம்பர், எந்த அறையில் எத்தனை கோடு சிக்னல் என்று விவரமாகப் போட்டேன். நம்பர் இல்லாமல் கொடுக்கிற கம்ப்ளைன்ட்டை எங்கள் காலத்தில் குப்பையில் போடுவோம்.

மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். கம்பெனியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. வேறு ஏதோ நம்பரிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு மாதமும் ரீசார்ஜ் முடிகிறது என்று எச்சரிக்கை வருமே, அதே பெயரில், அந்தச் செய்திகளுக்குக் கீழேயே வரிசையாக வந்து உட்கார்ந்தது. உங்கள் புகார் கிடைத்தது, உங்கள் இணைப்பு புது நெட்வொர்க்குக்கு மாற்றப்படும், எங்கள் ஊழியர் பேசுவார் என்று இருந்தது. கால் மணி நேரத்தில் அந்த ஊழியரும் பேசினான்.

"சார் வணக்கம். நெட்வொர்க் சைடுலேருந்து பேசறேன். பெட்ரூம்ல சிக்னல் இல்லேன்னு குடுத்திருந்தீங்கல்ல?"

"அப்பாடா, ஒரு மனுஷன் பேசறீங்களே!" என்றேன் நான்.

"உங்க சிம் இன்னும் பழைய சிஸ்டம்லயே இருக்கு சார். அதான் கட் ஆகுது. புதுசுக்கு மாத்திட்டா சரியாயிடும்."

"ஓ, கட் ஓவரா?"

நான்தான் கேட்டேன். அந்த வார்த்தையை எடுத்து அவன் கையில் கொடுத்ததே நான்தான். பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து புது எக்ஸ்சேஞ்சுக்கு மொத்த ஏரியாவின் லைன்களையும் ஒரே மூச்சில் மாற்றுவதற்கு எங்கள் பாஷையில் கட் ஓவர் என்று பெயர்.

"ஆமா சார், கட் ஓவர்தான்" என்றான் அவன். "சார் இதே டிபார்ட்மென்டா?"

"முப்பத்திரண்டு வருஷம்."

"அடடா, அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேணாம் சார். நீங்கல்லாம் போட்ட ரோட்லதான் நாங்க ஓட்டறோம்."

எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் எதிரில் இருந்திருந்தால் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

"டெஸ்டிங்குக்கு ஒரு கோட் வரும் சார். வந்ததும் படிங்க."

வந்தது. படித்தேன். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, அவன் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்து படித்தேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறு எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனில் ஒருவன் வந்து, "டெஸ்டிங், படிங்க" என்றால் இந்தப் பக்கம் இருப்பவன் எண்ணைப் படிக்க வேண்டும். நீ யார், உன் பெயர் என்ன என்று கேட்க மாட்டோம். கேட்டால் அது மரியாதைக் குறைச்சல். லைனுக்குள் வந்துவிட்டவன் நம்மாள், அவ்வளவுதான். செங்கல்பட்டிலிருந்து பேசுகிறவனின் முகத்தைப் பார்க்காமலே பதினைந்து வருஷம் அவனோடு வேலை செய்திருக்கிறேன். அந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று செய்தியிலேயே எழுதித்தான் இருந்தது. படித்தேன், தெரியாமல் இல்லை. ஆனால் எக்ஸ்சேஞ்ச்காரன் அந்த "யாரிடமும்" என்கிற கணக்கில் வருவானா? எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

"முடிஞ்சுது சார். புது லைன் ஏறறதுக்கு இருபத்து நாலு மணி நேரம் ஆகலாம். அதுவரைக்கும் சிக்னல் இருக்காது. போன மட்டும் அணைச்சுப் போட்டுடாதீங்க, பாதியில நின்னுடும்."

ஊரில் எல்லாருடைய போனையும் அணைத்துப் போட்டு வைத்தியம் பார்க்கிற நான் என் போனை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன். கோடுகள் எல்லாம் மறைந்து, சேவை இல்லை என்று வந்தது. கட் ஓவர் என்றால் அப்படித்தான் இருக்கும். நானே எத்தனை தடவை மொத்த ஏரியாவையும் செத்துப்போக வைத்து, பிறகு எழுப்பியிருக்கிறேன். வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் வேறு வந்துகொண்டே இருந்ததால் போன் செத்துவிட்டது என்ற எண்ணமே இல்லை.

மதியம் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "போன் என்னாச்சு? காலையிலேருந்து ஒரு சத்தமும் காணோம்."

"கட் ஓவர் நடக்குது. நாளைக்குள்ள வந்துடும்."

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டா?"

"நாளைக்குக் காலைல அங்கதானே போறோம். இத்தனை நாள் வராதது இன்னைக்கா வரப்போகுது?"

"என் போன்லேருந்து ஒரு வார்த்தை சொல்லி, என் நம்பரக் குடுத்துடட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். ஒரு நாளைக்கு ஒரு நம்பர்னு மாத்தினா அவங்க குழம்பிடுவாங்க."

இப்படித்தான் சொன்னேன். வேண்டாம் என்று சொன்னது என் வாய்தான். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கமாக எங்களைக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் வந்தார். போனில் அப்போதும் கோடு வரவில்லை. இருபத்து நாலு மணி நேரம் பதினொன்றரைக்குத்தான் முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மனைவியை மெஷினில் போட்டார்கள். நான் வழக்கம்போல் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தேன். பத்து மணி வாக்கில் பட்டியலைக் கவனிக்கிற அந்த அம்மா உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், நேத்து ஏன் வரல?"

"நேத்து வெள்ளிக்கிழமைதானேம்மா? எங்களுக்கு சனிதான்."

"டயாலிசிஸ் இல்ல சார். மூணு மணிக்கு நான்தானே உங்களுக்கு போன் பண்ணேன்? கிட்னி வந்திருக்கு, சாப்பிடாம உடனே கெளம்பி வாங்கன்னு சொன்னேனே?"

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "எந்த நம்பருக்கும்மா?" என்றேன். என் நம்பரைத்தான் சொன்னார்.

"அது வேலை செய்யலையேம்மா, நேத்து பதினோரு மணியிலேருந்து செத்துக் கெடக்குதே!"

"இல்ல சார், எடுத்தீங்களே! 'சரி சரி, வரோம்'னு சொன்னீங்களே. நாலரை மணி வரைக்கும் பார்த்தேன். திரும்ப அடிச்சா எடுக்கல. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அதுக்கு மேல என்னால வெச்சிருக்க முடியாது சார்."

"நானா பேசினேன்?"

"நீங்கதான் சார். ஆம்பள குரல்தான். உங்க வீட்டம்மா பேரச் சொல்லித்தான் பேசினேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, வந்த அழைப்புகளின் பட்டியலைத் தேடினேன். மூன்று மணிக்கு நான் பேசியிருக்கிறேனா என்று! மூன்று மணிக்கு நான் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் பேசிவிட்டேனா? மாத்திரை மயக்கமா? என் நம்பரில் ஒருவர் கூப்பிட, ஒரு ஆண் குரல் எடுத்து, என் மனைவியின் பெயரைக் கேட்டு, வரோம் என்று சொல்லியிருக்கிறது. அது நான் இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வயசானவர், மறந்துவிட்டார் என்று பரிதாபம்தான் இருந்தது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டு குழாயும் கையில் இருக்கும்போது எழுந்து உட்காரவும் முடியாது.

"அந்தக் கிட்னி எனக்குத்தான் வந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. மூணு பேரக் கூப்பிட்டோம். ரத்தம் பார்த்தாத்தான் தெரியும். ஒருவேளை உங்களுக்குப் பொருந்தாமலும் போயிருக்கலாம்."

"ஒருவேளை" என்று அவளும் சொன்னாள். பிறகு, "என் நம்பர எழுதிக்கோங்கம்மா" என்று பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ரெண்டு பேரும் ஒரு மாரி கீறீங்க? டாக்டர் எதுனா சொன்னாரா?" என்றார். நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு அதே ஆட்டோவில் கேம்ப் ரோட்டில் இருக்கும் கம்பெனிக் கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க நம்பர் நேத்தே ஈ-சிம்மா மாறிடுச்சே. நீங்கதான் கேட்டிருக்கீங்க, கோட் குடுத்து உறுதியும் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

"நான் கேக்கலம்மா. அந்த சிம் எங்கே இருக்கு, அதச் சொல்லு."

"அது எங்கயும் இருக்காது சார். கையில எடுக்கற மாதிரி இல்ல. போனுக்குள்ளயே ஏறிடும்."

"யாரு போனுக்குள்ள?"

"அது எங்களுக்குக் காட்டாது சார்."

லைன் என்றால் செம்புக் கம்பி. இந்தத் தெருவில் ஆரம்பித்து அந்தப் பெட்டியில் முடியும். எவனாவது கொக்கி போட்டிருந்தால் கம்பத்தில் ஏறிக் கையால் பிடுங்கிப் போடலாம். நான் பிடுங்கியிருக்கிறேன். இப்போது என் நம்பரை ஒருத்தன் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், அதைப் பிடுங்க ஒரு கம்பம்கூடக் கிடையாது. விரல் ரேகை வைத்து, போட்டோ எடுத்து, புது சிம் வாங்கினேன். சாயங்காலம் என் நம்பர் என்னிடம் திரும்பி வந்தது. படுக்கை அறையில் சிக்னல் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை சைபர் கிரைம் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரிக்கு என் பையன் வயசுதான் இருக்கும், பொறுமைசாலி. நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார். "பேங்க்ல எவ்ளோ போச்சு?" என்றார். எதுவும் போகவில்லை. பென்ஷன் கணக்கு மனைவியின் நம்பரில் இருக்கிறது. "அப்ப நீங்க தப்பிச்சீங்க சார்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மேஜையைப் புரட்டிப் போடலாம் போல் ஆத்திரம் வந்தது.

"சார், அவன் ஏன் அந்த போனை எடுத்தான்? எடுத்தவன் ராங் நம்பர்னு சொல்லியிருக்கலாமே? வரோம்னு ஏன் சொன்னான்?"

"சில பேங்க்ல கோட் எண்ணை போன்லயே கூப்பிட்டுச் சொல்லுவாங்க சார். அதுக்காக வர்ற காலெல்லாம் எடுப்பானுங்க. இது வேறன்னு தெரிஞ்சதும் ஏதோ ஒண்ணு சொல்லி கட் பண்ணியிருப்பான். அவங்க என்ன சொன்னாங்கன்னு காதுலகூட வாங்கியிருக்க மாட்டான்."

"சரி, கம்பெனி பேர்ல, கம்பெனி அனுப்பின செய்திக்குக் கீழேயே எப்படி சார் வந்துச்சு?"

"அப்படியும் பண்றாங்க. ஒரு பெட்டிய கார்ல வெச்சுக்கிட்டு உங்க தெருவுல ரெண்டு ரவுண்டு வந்தாப் போதும். அது நான்தான் டவர்னு சொல்லும். பெரிய டவர் சிக்னல அமுக்கிடும். உங்க போன் புதுசுதான், ஆனா புதுசு கெடைக்கலேன்னா பழைய நெட்வொர்க்குக்கு இறங்கி வந்துடும். அந்தப் பழைய முறையில டவர்தான் போனப் பார்த்து நீ யாருன்னு கேக்கும். போன் திருப்பிக் கேக்காது. எந்தப் பேர்ல அனுப்பினாலும் வாங்கிக்கும்."

"அப்ப எனக்கு அப்படித்தான் வந்துச்சா?"

"இருக்கலாம் சார். நீங்க இணையத்துல நம்பரோட போட்டத வெச்சும் பண்ணியிருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பார்க்கறோம்."

இருக்கலாம், பண்ணியிருக்கலாம், ஒருவேளை. இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் போன் திருப்பிக் கேட்காது என்று அவர் சொன்னது மட்டும் உள்ளே போய்க் குத்தியது. முப்பத்திரண்டு வருஷமும் கேட்கிற பக்கத்தில் இருந்தவன் நான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும், நான் வேலை பார்த்த குரோம்பேட்டையில் எந்த வீட்டுக் கதவும் திறக்கும், படுக்கை அறை வரைக்கும் போவேன். அடையாள அட்டையைக் காட்டு என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்டதில்லை. ஒருத்தர் கேட்டிருந்தாலாவது, அப்படி ஒரு கேள்வி உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் அவள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாப்பாடு போட்டாள், மாத்திரையை எடுத்து வைத்தாள், வழக்கம்போல் பேசினாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் நானே வெடித்துவிட்டேன்.

"ரெண்டு வார்த்தை திட்டித் தொலையேன்! மனசுல வெச்சுக்கிட்டு இருக்கியே!"

அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "திட்டினா உங்களுக்கு சரியாயிடும். எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய் அழுதேன். அறுபத்து நாலு வயசில், எதிர் வீட்டுக்காரர் துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அதன் பிறகு நான் ஆளே மாறிப்போனேன். யார் கூப்பிட்டாலும் சந்தேகம். சமையல் கேஸ் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டவனிடம் எங்கள் சிலிண்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டேன். பையன் வெளிநாட்டிலிருந்து வேறு நம்பரில் கூப்பிட்டபோது, "உன் மூணாங்கிளாஸ் டீச்சர் பேரு என்ன?" என்று கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை, நான் வைத்துவிட்டேன். மறுபடி வீடியோவில் வந்து மானாவாரியாகத் திட்டினான். வீடியோவையும் போலியாகச் செய்கிறார்களாம். அவன் திட்டின விதத்தில்தான் என் பையன் என்று நம்பினேன்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை காலை, பத்தரை மணி. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் சத்தத்தோடு சாப்பாட்டு மேஜையில் இருக்கிற அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன். அன்றைக்குச் சிறுநீரகம் கிடைத்ததா என்றுதான் முதலில் கேட்பீர்கள். அதனால் அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கிடைக்கவில்லை. ரத்தம் பொருந்தியது வேறொருவருக்கு. அவள் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறாள், நாளைக்குக் காலை ஏழு மணிக்கும் நாங்கள் போக வேண்டும். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த அழைப்பைப் பற்றித்தான்.

"ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேங்க" என்றது ஒரு ஆண் குரல். என் மனைவியின் பெயரைச் சொல்லி, "ஒரு கிட்னி வந்திருக்கு. உடனே கெளம்பி வர முடியுமா?" என்றது.

"நீங்க யாரு? எப்பவும் ஒரு அம்மாதானே பேசுவாங்க?"

"அவங்க லீவுல இருக்காங்க சார். நான் அவங்களுக்குப் பதிலா பார்க்கறேன்."

"பட்டியல்ல எங்க பதிவு நம்பரச் சொல்லுங்க."

சொன்னான். சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் நம்பரையே எடுத்துக்கொண்டவர்களுக்குப் பதிவு நம்பர் கிடைக்காதா? "டயாலிசிஸ் வார்டு சுவர் என்ன கலரு?" என்று கேட்டேன்.

"சார், வெளையாடறீங்களா? டைம் இல்ல சார்!"

டைம் இல்லை. திருடர்கள் எல்லாரும் அப்படித்தான் அவசரப்படுத்துவார்கள், யோசிக்க விட மாட்டார்கள் என்று சைபர் கிரைம் ஆபீஸ் சுவரிலேயே ஒட்டியிருந்தது. இது நிஜமா? இவன் அவனா? இந்தத் தடவை எதைத் திருடப் போகிறான்? "நாங்களே திரும்பக் கூப்பிடறோம்" என்று வைத்துவிட்டேன். அந்த அம்மாவின் நம்பருக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியின் பொது நம்பருக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று குரல் வந்தது, எதை அழுத்தினாலும் பாட்டுத்தான் கேட்டது.

மனைவி தலையில் துண்டோடு வெளியே வந்தாள். "யாரு போன்ல?"

"எவனோ ஃபிராடு. ஆஸ்பத்திரின்றான், கிட்னி வந்திருக்குன்றான். குரலே சரியில்ல. நீ பதறாத, நான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த நம்பரை அழுத்தினாள். "வரோம், கால் மணி நேரத்துல கெளம்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டாள். பீரோவிலிருந்து ரிப்போர்ட் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவன் யாருன்னே தெரியாது! பொய்யா இருந்தா?" என்று நான் கத்தினேன்.

"பொய்யா இருந்தா திரும்பி வந்து சமைக்கறேன்" என்றாள். "நெசமா இருந்தா? செருப்பப் போடுங்க."